ஏலக்காயோட பச்சையும் போன் ஃபிளாஷும்

கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காய் ஸ்டோர்ல, அதாவது காய காய வைக்குற எடத்துல, காய் காஞ்சு எறங்குனதும் ஒரு கை அள்ளி தட்டுல பரப்பி போட்டோ எடுத்து போடிநாயக்கனூர் வியாபாரிக்கு வாட்ஸ்அப்ல போடுவோம், ராத்திரியா இருந்தாலும் போட்டுத்தான் ஆகணும், ஏன்னா வெலை பேசுறதே காயோட சைஸும் பச்சையும்தான். ஃபிளாஷ் போட்டா நடுவுல கெடக்குற காய் வெளுத்துரும், தட்டோட ஓரம் குண்டு பல்பு வெளிச்சத்துல மஞ்சளா நிக்கும். "என்னப்பா, காய் வெளுத்துக் கெடக்கு"ன்னு அங்கருந்து போன் வரும், நேர்ல பாத்தா நல்ல முத்துன பச்சைக் காய். வயித்தெரிச்சலா இருக்கும்.

போன்ல இருக்குற வெள்ளை எல்இடி உண்மையில ஒரு நீல சிப்பு, அது மேல பாஸ்பர்ங்குற ஒளிருற மஞ்சள் பூச்சு பூசி வெள்ளையா காட்டுறாங்க. அதுல செவப்பு கம்மி, அதனாலதான் கல்யாண வீட்டுல நம்ம மாநிற முகமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வருது. பல்பு மஞ்சள், ஃபிளாஷ் நீலம்னு ரெண்டு வெளிச்சம் கலந்துட்டா கேமரா ஏதாவது ஒன்னுக்குத்தான் நெறத்த சரி பண்ண முடியும், இன்னொன்னு கெட்டுப்போகும்.

இத மொதல்ல ஒழுங்கா யோசிச்சது 2013ல வந்த ஐபோன் 5எஸ்னு சொல்லுவேன். வெள்ளை ஒன்னு, ஆம்பர்ங்குற தேன் நெறத்துல ஒன்னுன்னு ரெண்டு எல்இடி, ரூம் வெளிச்சத்த பாத்து ரெண்டையும் கலந்து விடும். 2022ல ஐபோன் 14 ப்ரோல ஒன்பது எல்இடி வச்சாங்க, ஜூமுக்கு ஏத்த மாதிரி வெளிச்சம் விரியும் குவியும். வெறும் பவர்தான் வேணும்னா 2012லயே நோக்கியா 808ல செனான் வாயுக் குழாய் பளிச்சுன்னு மின்னுற செனான் ஃபிளாஷ் இருந்துச்சு, ஓடுற புள்ளையக்கூட ஆடாம புடிக்கும், ஆனா அதுக்கு கரண்ட்ட சேத்து வைக்குற கெப்பாசிட்டர் வைக்க எடம் வேணும், போன் ஒல்லியாக ஒல்லியாக அது போயிருச்சு.

எனக்கு புடிச்சது விவோ வி சீரிஸ்ல பின்னாடி வர்ற ஆரா லைட்தான், புள்ளியா இல்லாம பெரிய பரப்புல எரியுற லைட்டு. வெளிச்சம் வர்ற பரப்பு பெருசா இருந்தா நெழல் மெதுவா விழும், புள்ளி மாதிரி எரியுற எல்இடிதான் நெத்தியில எண்ணெய் வழியுறாப்புல காட்டுறது. சில மாடல்ல மஞ்சளா வெள்ளையான்னு நெறத்தையும் மாத்திக்கலாம். தூரத்துக்கு ஆகாது, தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசிதான் வந்து சேரும், எந்த ஃபிளாஷா இருந்தாலும் இதே கதைதான்.

அந்த போன் இல்லாதவங்க பல்ப அணைச்சிருங்க, இன்னொரு போன் டார்ச்ச வெள்ளை வேட்டித் துணிக்குப் பின்னாடி வச்சு சைடுல இருந்து அடிங்க, தட்டு ஓரமா ஒரு வெள்ளை பேப்பர் வைங்க, நெறம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்குறவருக்கும் தெரிஞ்சிரும்.

புது போன் வாங்கப் போறவங்க மெகாபிக்சல் மட்டும் கேட்டுட்டு வந்துராதீங்க, கடையிலயே உள்ளங்கைய நீட்டி ஃபிளாஷோட ஒன்னு, இல்லாம ஒன்னு எடுத்துப் பாருங்க, அந்த செவப்பு எதுல ஒழுங்கா வருதோ அத வாங்குங்க.