வலது கால் செருப்பு

ஜூன் 12, 2024
கோர்ட் விடுமுறை முடிந்துவிட்டது. லாரி என்னை இடித்தது ஜனவரி 9. ஆறு மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனு போட்டுவிட வேண்டும் என்று வக்கீல் சார் அவசரப்படுத்துகிறார். முன்பு இந்தக் கெடு கிடையாதாம், 2022 ஏப்ரலில் இருந்துதான். எப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, பில் எல்லாம் ஜவுளிக்கடைப் பை ஒன்றில் இருக்கின்றன. வருமானச் சான்றுதான் இல்லை. ஜாக்கெட் தைக்கிறவளுக்கு யார் சம்பளச் சீட்டு கொடுப்பார்கள்? அளவு நோட்டைக் கொண்டுவாங்கம்மா என்றார்.

ஜூன் 13
கொடுக்க மனம் வரவில்லை. தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அதில் இருக்கிறது.

ஜூன் 19
போலீஸ் போட்ட வரைபடத்தை இன்றுதான் பார்த்தேன். நான் விழுந்த இடம் என்று பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள், தார் ரோட்டின் நடுவில். நான் நடந்தது மண் ஓரத்தில். வலது கால் செருப்பு அந்த மண்ணில்தான் கழன்று கிடந்தது. என்னைத் தூக்கும்போது பார்த்தேன். அதை யாரும் குறிக்கவில்லை. நடுரோட்டில் போனாள், அவள் மேலும் தப்பு என்று இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்களாம். ஒற்றைச் செருப்பை யார் எடுத்துப் போயிருப்பார்கள்?

ஜூலை 2
மனு போட்டாயிற்று.

அக்டோபர் 15
வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. ஆட்டோவுக்கு 240.

நவம்பர் 20
இன்று வயதுப் பிரச்சினை. ஆதாரில் என் பிறந்த நாள் ஜனவரி 1, 1978. எழுதியவருக்கு அதுதான் சௌகரியமாக இருந்திருக்கும். பள்ளிச் சான்றில் ஜூன் 5. அம்மாவைக் கேட்டால் ஆடி மாதம், நல்ல மழை என்பாள். ஆதார்படி லாரி இடிப்பதற்கு எட்டு நாள் முன்பு எனக்கு 46 ஆகிவிட்டது. நஷ்டஈட்டுக்கு வருட வருமானத்தை 41 முதல் 45 வயது வரை 14-ஆல் பெருக்குவார்கள், 46 என்றால் 13. 2009-ல் உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கில் போட்ட கணக்கு. பள்ளிச் சான்றையே வைப்போம் என்றார் சார். சரி. அம்மாவின் மழைதான் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஜனவரி 9, 2025
ஒரு வருடம். அந்த ரோட்டு வழியாகப் போகச் சொன்னேன். ஆட்டோக்காரர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. மண் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

மார்ச் 6
மெடிக்கல் போர்டு. மூன்று டாக்டர்கள், நான்கு நிமிடம். மடக்குங்க, நீட்டுங்க. ஊனம் 35 சதவீதம்.

மார்ச் 7
நேற்று முழுக்க 35 பெரிதா சிறிதா என்று யோசித்துத் தூங்கவில்லை. சாரிடம் கேட்டேன். இது காலுக்கு மட்டும் போட்ட சதவீதம், முழு உடம்புக்குக் குறையும் என்றார். ஆனால் 2011-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் நமக்குப் பிடிமானம்: உடம்பில் போன சதவீதம் வேறு, பிழைப்பில் போன சதவீதம் வேறு. இடது கை போனால் குமாஸ்தா வேலையில் நீடிக்கலாம், தச்சருக்குப் பிழைப்பே போச்சு. கணுக்கால் மடங்காத தையல்காரிக்கு எவ்வளவு? பெடலை அழுத்தினால் தெரியும். அந்த மூன்று பேரில் ஒருவராவது என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டிருக்கலாம்.

ஜூன் 17
கூண்டில் ஏறினேன். மோட்டார் வைத்த மெஷின் இருக்கிறதே என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அதற்கும் பெடல் உண்டுங்க என்றேன். இடது காலால் மிதிக்கலாமே என்றார். பதில் வரவில்லை. செருப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 18
சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 21
ராத்திரி இடது காலால் மிதித்துப் பார்த்தேன். தையல் கோணிக்கொண்டு ஓடியது. நிம்மதியாக இருந்தது. அப்புறம் அந்த நிம்மதியை நினைத்து அசிங்கமாக இருந்தது.

ஜூன் 29
ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் மிதிக்கிறேன், சத்தம் வெளியே போகக்கூடாது. இன்று ஒரு கை நேராக வந்துவிட்டது. ஜாக்கெட் கையைச் சொல்கிறேன். இதை இங்கே எழுதலாமா என்று