ஆடி அமாவாசையும் அம்மாவின் நேர்ச்சையும்

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா யாரிடமும் சொல்லாமல் ஒரு நேர்ச்சை நேர்ந்திருக்கிறாள். அவர் தன் காலால் நடந்து வீட்டுப்படி ஏறினால் குமரி பகவதிக்குச் சிவப்புப் பட்டு சார்த்துவது, ஆடி அமாவாசைக்கு முக்கடலில் முங்குவது. அப்பா நடந்துதான் வீட்டுக்கு வந்தார். சில மாதம் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், பேரப்பிள்ளைகளுக்கு நுங்கு சீவிக் கொடுத்தார். போன வருஷம் பங்குனியில் ஒருநாள் மத்தியானம் சோறு உண்டுவிட்டுப் படுத்தவர் எழவில்லை.

ஆண்டுத் திதி கழியட்டும் என்று பெரியவர்கள் சொன்னதால் நேர்ச்சை இந்த ஆடிக்குத் தள்ளிப்போனது. ஆளே போன பிறகு இனி என்ன நேர்ச்சை என்று சொந்தத்தில் ஒன்றிரண்டு பேர் கேட்கவும் செய்தார்கள். அம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "நடத்திக் கொண்டு வந்து விட்டாளா இல்லியா? அவ வாக்கைக் காப்பாத்தினா. நான் காப்பாத்தாண்டாமா?"

எங்கள் தக்கலைப் பக்கத்தில் ஆடி அமாவாசை என்றால் வாவுபலி. முன்னோருக்குப் பலி போட எங்கள் குடும்பம் வழக்கமாகக் குழித்துறை ஆற்றுக்குத்தான் போகும். இந்த முறை கன்னியாகுமரி என்று முடிவானதும் எனக்குள் வேறொரு ஆசையும் எழுந்தது. அம்மாவைக் காசிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அப்பா ரொம்பக் காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது கன்னியாகுமரியிலிருந்தே காசிக்கு ரயில் ஓடுகிறது. டிக்கெட் போடட்டுமா என்று கேட்டேன். "முதல்ல இங்க உள்ள கடனைத் தீரு மக்களே. காசியில உள்ளவங்களே இங்கதான் வந்திருக்காங்க" என்றாள்.

அம்மா அதை எங்கே கேட்டாளோ, சொன்னது சத்தியம். மணிமேகலையில் ஆபுத்திரனின் கதையை நினைத்துப் பாருங்கள். அவனைப் பெற்ற சாலி வாரணாசிக்காரி, வேதம் ஓதுவிக்கும் அந்தணன் ஒருவனின் மனைவி. தான் செய்த பிழை தீர அவள் கங்கையில் முங்கவில்லை. காசியிலிருந்து கிளம்பி இத்தனை தூரம் தெற்கே நடந்து குமரியாட வருகிறாள். கங்கை ஓடும் ஊர்க்காரிக்கே பாவம் தீர்க்கும் துறை குமரிதான் என்று அந்தக் காலத்துத் தமிழர்கள் நம்பியிருக்கிறார்கள். முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பிலும் இந்த ஊர் வருகிறது. இங்கே ஆண்களும் பெண்களும் வந்து கடலாடி நோன்பிருக்கிறார்கள், முன்னொரு காலத்தில் ஒரு தேவி இங்கே தங்கி நீராடினாள் என்று அதில் எழுதியிருக்கிறது. வியாபாரத்துக்கு வந்த யவனனுக்கும் அவள் இருப்பு தெரிந்திருக்கிறது! சூரிய உதயம் பார்த்து, போட்டோ எடுத்து, சிப்பி மாலை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அவ்வளவு தூரம் வந்துவிட்டு அவளைப் பார்க்காமல் போகிறார்களே.

அமாவாசைக்கு முந்தின ராத்திரி ஒன்றரை மணிக்கே கிளம்பிவிட்டோம். நான், அம்மா, தங்கை, அவள் மகள். ஆடிச் சாரல் கண்ணாடியில் அடித்துக்கொண்டே இருந்தது. நாகர்கோவில் தாண்டி சுசீந்திரம் வந்ததும் அம்மா காரை நிறுத்தச் சொன்னாள். நடை திறந்திருக்கிற நேரமா அது? ஆனாலும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டுப் போகாண்டாமா" என்றாள். அங்கே தாணுமாலயன் சன்னதியில் ராத்திரி பூஜை செய்தவர் காலையில் நடை திறப்பதில்லை. இரவில் இந்திரன் வந்து பூஜை செய்கிறான், அகத்தில் கண்டதைப் புறத்தில் சொல்ல மாட்டேன் என்று பூசை செய்கிறவர்கள் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்கள். அந்த ராத்திரி நேரத்தில் பூட்டிய கோவில் முன்னால் நின்றபோது, உள்ளே இப்போது அந்தப் பூஜை நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சுசீந்திரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் வழுக்கம்பாறை. சுசீந்திரத்துச் சிவன் குமரி பகவதியைக் கல்யாணம் செய்யப் புறப்பட்டு வருகிற வழியில், நாரதர் சேவலாகக் கூவி விடிந்துவிட்டதென்று நினைக்க வைத்த இடம். முகூர்த்தம் தப்பியதென்று மாப்பிள்ளை இங்கிருந்துதான் திரும்பிப் போனார். பாணாசுரனை ஒரு கன்னிதான் கொல்ல முடியும் என்பது வரம், அதற்காக நடந்த தெய்வ ஏற்பாடு இது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் ராத்திரி அந்த ரோட்டிலேயே போகும்போது, மாப்பிள்ளை நடந்து தீர்க்காத மிச்ச வழியை நாம் நடந்து அவளிடம் போகிறோம் என்று தோன்றுகிறது பாருங்கள், அது வேறு. தங்கை மகளுக்கு அம்மா கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். "அப்போ சாமிகிட்ட யாராவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல ஆச்சி?" என்று கேட்டது பிள்ளை. "சொல்லியிருந்தா அசுரன் செத்திருப்பானா? நமக்காகத்தான் மோளே அவ ஒத்தையில நிக்கா."

ஊருக்குள் நுழைந்ததிலிருந்து பட்ட பாட்டை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் எழுதினால் அடுத்து வருகிறவர்களுக்காவது உதவும். வண்டியை ரொம்பத் தூரத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அது கூட்டத்துக்காக, சரி. வண்டி விடுகிற இடத்தில் சீட்டே இல்லாமல் கேட்ட தொகைதான் பொறுக்கவில்லை. கடற்கரையில் கால் வைப்பதற்குள் "தர்ப்பணமா, வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார் ஒருவர். ஒரு தொகை சொல்லி உட்கார வைத்து, பாதி மந்திரத்தில் பிண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது, கோதானம், வஸ்திர தானம் என்று தொகையை ஏற்றிக்கொண்டே போனார். அப்பாவின் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் யாரால் பேரம் பேச முடியும்? அந்த நேரம் பார்த்துக் கேட்கிறார்களே என்பதுதான் மனசுக்கு வேதனை. முதலிலேயே எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று பேசிக்கொண்டு உட்காருங்கள். கரையெல்லாம் பிளாஸ்டிக் கவரும் கழற்றிப் போட்ட ஈரத்துணியும். தீர்த்தத்தில் துணியை விட்டால் பாவம் போகும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ. சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள்.

ஆடியில் குமரிக் கடல் சும்மா இருக்காது. முக்கடல் சங்கமத்தில் பதினாறுகால் மண்டபத்துப் பக்கம் இறங்கினோம். அலை வந்து பாறையில் அடித்து ஆள் உயரத்துக்குத் தெறித்தது. பாறையெல்லாம் பாசி. அம்மாவுக்கு முட்டுவலி. படியில் உட்காரு, நான் தண்ணி கோரித் தலையில் விடுகிறேன் என்றேன். முங்குவேன் என்றுதான் நேர்ந்திருக்கிறேன், கோரி ஊற்றுவேன் என்று நேரவில்லை என்று பிடிவாதமாக நின்றாள். நானும் தங்கையும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இறக்கினோம். ஒரு அலை வந்தது. எனக்குக் கால் வழுக்கியது, அம்மாவின் கை என் பிடியிலிருந்து நழுவியது.

பின்னாலிருந்து ஒரு அம்மா வந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கடற்கரை ஊர்க்காரர், கழுத்தில் சிலுவை போட்ட ஒரு கறுப்புக் கயிறு. பாசிமணியும் சங்கும் விற்கிறவராக இருக்க வேண்டும், கூடையைப் பாறைமேல் போட்டுவிட்டு வந்திருந்தார். "அலை வரும்போ முதுகைக் காட்டணும் அம்மா, மூஞ்சியைக் காட்டக்கூடாது. பயப்படாண்டாம், நான் பிடிச்சிருக்கேன், முங்குங்க" என்றார். அலையை எண்ணிக்கொண்டே நின்று, கடல் கொஞ்சம் அடங்குகிற நேரம் பார்த்து, "இப்போ" என்றார். அம்மா முங்கினாள். மறுபடி "இப்போ". மூன்று கடலுக்கும் மூன்று முழுக்கு. கரையேறியதும் நான் பணம் நீட்ட, என் கையைத் தள்ளிவிட்டார். "நான் கூலிக்கா பிடிச்சேன்?" அவ்வளவுதான், கூடையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கை யாருடைய கை என்று அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, எனக்கும் இல்லை.

ஈரத்தோடு வடக்கு வாசல் வரிசையில் நின்றோம். வழக்கமாக அந்த வாசல்தான். கடலைப் பார்த்த கிழக்கு வாசல் வருஷத்தில் ஐந்து நாள்தான் திறக்கும், ஆடி அமாவாசை அதில் ஒன்று. அவள் மூக்குத்தி வெளிச்சத்தைக் கலங்கரை விளக்கம் என்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதியதால் அந்த வாசலை அடைத்தார்கள் என்பார்கள். வரிசை நகரவே இல்லை. எங்களுக்கு முன்னால் ராஜஸ்தானிலிருந்தோ எங்கிருந்தோ வந்த ஒரு பெரிய குடும்பம். அதில் ஒரு முதியவர் கையில் சின்னச் செப்புச் சொம்பு, வாய் அடைத்து அரக்கு வைத்தது. கங்கை ஜலம்! அங்கிருந்து சுமந்துகொண்டு வந்திருக்கிறார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே.

சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பட்டைப் பூசை செய்கிற போற்றியிடம் கொடுத்தோம், வாங்கி உள்ளே வைத்தார். அப்புறம் கூட்டம் ஒதுங்கி, கருவறை நேர் எதிரே வந்தது.

எத்தனையோ தடவை பார்த்த முகம்தான். இருந்தாலும் அன்றைக்கு என்னமோ அவள் அப்போதுதான் திரும்பி எங்களைப் பார்த்தது போல இருந்தது. சின்னப் பிள்ளை. வலது கையில் ஜபமாலை. இடது கை தொடையை ஒட்டித் தொங்குகிறது. சந்தனத்துக்கு நடுவே அந்தச் சிரிப்பு, அதற்குமேல் மூக்குத்தி. போற்றி தீபத்தைத் தூக்கினார். மூக்குத்தி ஒரு தடவை சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. பின்னால் "நகருங்க, நகருங்க" என்ற சத்தம். அம்மா நகரவில்லை. கை கூப்பக்கூட இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் கேட்டாள்:

"இன்னும் நிக்குதியா மோளே? காலு நோவாதா?"

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அப்பாவுக்காக நன்றி சொல்லுவாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்து வந்தேன். புருஷனைப் பறிகொடுத்த என் அம்மா, மாப்பிள்ளை வராமலே போன அந்தப் பிள்ளையின் கால்வலியைக் கேட்கிறாள். கடலுக்கு நடுவே ஸ்ரீபாதப் பாறையில் ஒற்றைக் காலில் தவம் நின்றவள் அல்லவா! தீபாராதனை அணைகிறவரைக்கும் எங்களை யாரும் தள்ளவில்லை. அந்தக் கூட்டத்தில் அது எப்படி நடந்தது என்று இப்போதும் தெரியவில்லை. போற்றி ஒரு துண்டுச் செவ்வரளி மாலையை எடுத்து நேராக அம்மா கையில் வைத்தார். கேட்கவே இல்லை நாங்கள். தாயே, என்ன கொடுத்து வைத்தேன் இதைப் பார்க்க!

அதற்குப் பிறகு வரிசையாக எதுவும் நினைவில்லை. பாலசௌந்தரியையும் மற்றவர்களையும் கும்பிட்டோம், பிரகாரம் சுற்றினோம், வெளியே வந்து இட்லி தின்றோம். பாறைக்குப் போகும் படகுக்கு வரிசை தெருவரை நின்றதால் போகவில்லை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் அந்தப் பாறைக்கு நீந்திப் போய்த் தவம் இருந்தார். அதற்கு முன் அவரும் இந்தத் தேவியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கடலில் இறங்கினார் என்று தங்கை மகளுக்குக் கரையிலிருந்தே காட்டினேன். அவளுக்குக் கலர் மணல் பொட்டலம் வேண்டுமாம். அரிசி போல வெள்ளை, பயறு போல ஒன்று, குங்குமம் போலச் சிவப்பு. கார்னெட், இல்மனைட் என்று பிள்ளை புத்தகத்தில் படித்ததைச் சொன்னாள். கல்யாணத்துக்கு வைத்து, சமைக்காமலே போன அரிசியும் பருப்பும் என்று ஆச்சி சொன்னாள். இரண்டையும் கேட்டுக்கொண்டு அந்தப் பொட்டலத்தைப் பிள்ளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டது.

ராத்திரி அம்மன் உலா முடிந்து கிழக்கு வாசல் வழியாக உள்ளே எழுந்தருளுகிறவரை இருந்துவிட்டுத்தான் வருவேன் என்று அம்மா சொன்னாள். இருந்தோம். வாசல் திறந்து அவள் உள்ளே போனபோது "அம்மே, தாயே" என்று எழும்பிய சத்தத்தில் அலைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நடந்து வீட்டுக்கு அனுப்பினாயே, பேரப்பிள்ளைகளோடு உட்கார வைத்தாயே, வலியில்லாமல் தூக்கத்தில் எடுத்துக்கொண்டாயே, கடலில் கை விட்டுப்போன என் அம்மாவை ஒரு கை அனுப்பிப் பிடித்தாயே. எதற்கென்று உனக்கு நன்றி சொல்ல? பகவதி, நாங்கள் உன் பிள்ளைகள்.

காசிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. கார்த்திகையில் போகிறோம். போகும்போது முக்கடல் மணலும் தண்ணீரும் ஒரு சொம்பில் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள் அம்மா. விசுவநாதருக்குக் குமரியிலிருந்து கொடுக்க வேண்டுமாம்.