மின்சாரச் சிக்கனத்துக்கு ஊக்கத்தொகை: கணக்கை முதலில் சரிசெய்யுங்கள்

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கத்தொகை என்று அறிவித்ததும் எல்லாரும் கேட்பது, "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்றுதான். இந்த வேலையில் எங்களை அதிகம் இழுத்தடித்த கேள்வி வேறு: எதோடு ஒப்பிட்டுக் கொடுப்பது?

போன மாத பில்லோடு ஒப்பிடவே கூடாது. வெயில் தணிந்தாலே யூனிட் தானாகக் குறையும். போன வருடத்தின் இதே மாத பில்லை எடுங்கள். அதிலும் மொத்த யூனிட்டைப் பார்க்காமல் நாளுக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொள்ளுங்கள். ரீடிங் எடுக்கும் தேதி முன்பின் ஆகும். ஒரு வீட்டில் போன வருடம் 31 நாளுக்கு 248 யூனிட், இந்த வருடம் 28 நாளுக்கு 210 என்று வைத்துக்கொள்வோம். பில்லில் 15 சதவீதம் குறைந்த மாதிரி தெரியும். நாள் கணக்கில் 8 யூனிட் 7.5 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான குறைவு 6 சதவீதம் சொச்சம்.

இன்னொரு சிக்கல், போன வருடம் வீட்டில் விசேஷம் நடந்து யூனிட் எகிறியிருந்தால் இந்த வருடம் ஒன்றுமே செய்யாமல் பரிசு கிடைத்துவிடும். இரண்டு வருட சராசரி எடுத்தால் இது பெருமளவு அடங்கும். பூட்டிக் கிடந்த வீட்டையும் ஆள் கூடிய, குறைந்த வீட்டையும் தனியாகப் பிரித்து வையுங்கள்.

2001 கோடையில் கலிஃபோர்னியாவில் முந்தைய ஆண்டைவிட 20 சதவீதம் குறைத்தவர்களுக்கு பில்லில் 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தார்கள். மனதில் நிற்கும் திட்டம்தான். ஆனால் இப்படி ஒரே கோடு போட்டால் 12 சதவீதம் வரை வந்தவருக்கு ஒன்றும் கிடையாது. எட்டாது என்று தெரிந்தவர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுவார். 5, 10, 15 சதவீதக் குறைவு என்று படிப்படியாகக் கொடுப்பதே எங்கள் சிபாரிசு. ஏற்கெனவே சிக்கனமாக இருக்கும் வீடுகளுக்கு அதே அளவில் நீடிப்பதற்கும் ஏதாவது கொடுங்கள். இல்லையென்றால் அவர்கள் கைவிட்டுவிடலாம்: அக்கம்பக்கத்து வீடுகளின் சராசரி மின்செலவை மட்டும் சொன்னால் குறைவாகச் செலவழித்தவர்கள் கூட்டிவிடுகிறார்கள் என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாராட்டாக ஒரு சிரிப்பு முகம் வரைந்து கொடுத்தபோது அந்த ஏற்றம் நின்றது.

எதை அணைப்பது என்பதையும் எண்ணிக்கையோடு சொல்லுங்கள். 2000 வாட் தண்ணீர் ஹீட்டர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டை எடுத்துவிடும். 9 வாட் எல்இடி பல்புக்கு அதே ஒரு யூனிட் 111 மணி நேரம் வரும். மக்கள் பல்பை அணைத்துவிட்டு ஹீட்டரை மறந்துவிடுகிறார்கள்.

தொகையை அடுத்த பில்லிலேயே தனி வரியாகக் காட்டுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்றே தெரியாது.

நோயாளி இருக்கும் வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். 300 வாட் ஆக்ஸிஜன் கருவி நாள் முழுக்க ஓடினால் 7.2 யூனிட் ஆகும். பரிசுக்காக அதில் யாரும் கை வைத்துவிடக் கூடாது. அந்த யூனிட்டைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் ஒப்பிடுங்கள். விண்ணப்பப் படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கட்டும்.