ஓடு பார்த்த நாட்கள்

மார்ச் 4
பழைய ஓடுகளை இறக்கியாகிவிட்டது. கூரையைத் தாங்கும் கைமரங்கள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. மேசை முழுக்க மாதிரி ஓடுகள்: அடி வளைந்த மீன்செதில், கூரான அம்புமுனை, சாதாரணச் சதுர அடி. எனக்கு மீன்செதில்தான். முன்பக்கச் சரிவு முழுவதும்.

மார்ச் 6
மேஸ்திரி ஓடு ஒன்றைக் கையில் எடுத்தார். அழகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எடை பாத்தீங்களாம்மா?" என்றார். சமையலறைத் தராசில் வைத்தோம், 1.1 கிலோ. இந்த 265 மில்லிமீட்டர் ஓட்டில் 100 மில்லிமீட்டர்தான் வெளியே தெரியும். மற்றதை மேலே வரும் வரிசை மூடிவிடும். அதனால் சதுர மீட்டருக்கு 60 ஓடு, 66 கிலோ. முன்சரிவு 40 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தேன்: 2,640 கிலோ! முன்பு இருந்தது ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பெரிய ஓடு, இதைவிட எவ்வளவோ லேசு. கைமரம் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை பணம் கட்ட வேண்டாம் என்று முடிவு.

மார்ச் 11
நடுவில் இரண்டு கைமரங்களுக்குத் துணைக்கட்டை போட்டால் போதுமாம். சரிவு 40 பாகை. இந்த வகை ஓட்டுக்கு 35-க்குக் குறையக் கூடாது என்பதால் அந்தக் கவலை இல்லை. தாளில் கூரையை வரைந்து முழுக்கச் செதில் போட்டேன். எட்டிப் பார்த்த மேஸ்திரி, "வீட்டு மேல மீன் படுத்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபம் வந்தது. ஆனால் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தால் மீன்தான்.

அழித்துவிட்டு, ஆறு வரிசை சாதா ஓடு, மூன்று வரிசை செதில், மறுபடி ஆறு என்று வரைந்தேன். இப்போதுதான் செதிலே கண்ணுக்குத் தெரிகிறது.

மார்ச் 15
நிறம். சிமெண்ட் ஓடு மலிவு, ஆனால் மேற்பூச்சு வெயிலில் வெளுக்கும். சுட்ட மண்ணில் சிவப்பு உள்ளேயே இருக்கிறது, மண்ணிலுள்ள இரும்பு சூளையில் காற்றோடு சேர்ந்து கொடுக்கும் நிறம். விரலால் தட்டினால் கணீரென்றது. ஒன்று மட்டும் மொத்தென்று ஒலித்தது, மயிரிழை விரிசல். எல்லா மாதிரியையும் வாளித் தண்ணீரில் நனைத்தும் பார்த்தேன், மழையில் தெரியும் நிறம் வேறு.

மார்ச் 22
முகட்டில் அலங்காரத்துக்கு மூன்று கும்பம் வைக்க ஆசைப்பட்டேன். காற்று பிடித்து இழுக்கும், அடியில் கம்பி கொடுக்க வேண்டும் என்றதும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். முகட்டு ஓடுகளைக் கலவையில் பதிக்காமல் திருகாணியால் பிடிக்கிறார்கள். கலவை வெடிக்கும், தவிர, இப்படிச் செய்தால் இடைவெளி வழியே உள்காற்றும் வெளியேறும். விளிம்புப் பலகையில் பூவேலை வேண்டாம். புகைபோக்கிச் சுவரும் ஓடும் சேரும் இடத்துக்கு ஈயத் தகடு. அது யார் கண்ணிலும் படாது, ஒழுக்கு வந்தால்தான் அதன் ஞாபகம் வரும்.

ஏப்ரல் 2
ஓடு மேய்கிறார்கள். மூன்று கட்டுகளிலிருந்து கலந்து எடுக்கச் சொன்னேன், ஒரே கட்டாக அடுக்கினால் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். மதியம் கீழே வந்து பார்த்தால் இரண்டாவது செதில் பட்டையில் நாலு வரிசை! மேஸ்திரி தலையைச் சொறிந்தார். பிரிக்கச் சொல்ல வாய் வந்தது. தெருவுக்குப் போய் நின்று பார்த்தேன். கீழ்ப்பட்டை மூன்று, மேல்பட்டை நாலு. தூரத்திலிருந்து இரண்டும் ஒரே அகலமாகத்தான் தெரிந்தன.

சரி, அப்படியே விடுங்கள் என்றேன்.