நின்ற வண்டியின் டேங்கில் சேரும் தண்ணீர்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகு நின்றால் மீன் லாரியும் நிற்கும், ஐஸ் லாரியும் நிற்கும். மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் தென்னை நிழலில் ஓரங்கட்டிய வண்டிகள் பலவும் அரை டேங்க் டீசலோடுதான் நிற்கும். இந்த மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் பட்டறைக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் லோடு ஏற்றினால் இழுவை இல்லை, பாம்பன் பாலத்து ஏற்றத்தில் திணறுகிறது. இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரில் கை வைப்பதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும்: "அண்ணே, வண்டி எத்தனை நாளா நின்னுச்சு?"

நின்ற வண்டியின் டீசல் டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். டேங்க் ராத்திரியில் வியர்த்துத்தான் அது சேருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். வியர்ப்பது உண்மை, ஆனால் அளவு சிறிது. 200 லிட்டர் காலி இடத்தில் 30 டிகிரியில் இருக்கும் காற்று ஏறத்தாழ 6 கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். அதில் ஓர் இரவில் சுவரில் இறங்குவது ஒன்றிரண்டு கிராம். மாதக்கணக்கில் நின்றால் அதுவும் சேரும், மறுப்பதற்கில்லை. ஆனால் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரித்துத் தேக்கும் செப்பரேட்டர் கிண்ணம் ஒரே வாரத்தில் நிறைந்தால் காரணம் வேறு. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும், வாய் விளிம்பு துருப்பிடித்திருக்கும், மேலே தேங்கிய மழைத்தண்ணீர் உள்ளே கசிந்திருக்கும். இல்லையென்றால் கரையில் கிடந்த கேனைக் கடல்தண்ணீரில் அலசிவிட்டு அதிலேயே டீசல் பிடித்து ஊற்றியிருப்பார்கள். வடித்த தண்ணீரில் சில சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் காயவைத்துப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்தால் வந்த வழி தெரிந்துவிடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்த பிறகு இதில் அலட்சியத்துக்கு இடமே இல்லை. எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் உள்ளே இடைவெளி சில மைக்ரான்தான். அந்த இடத்துக்கு வழவழப்பைக் கொடுப்பது டீசலே. அங்கே தண்ணீர் புகுந்தால் இரும்போடு இரும்பு உரசும். உப்புத்தண்ணீராக இருந்தால் வண்டி நிற்கும்போதே துரு அரிக்கும். நாசில் முனையின் சூட்டில் தண்ணீர் சட்டென்று ஆவியாகி முனையையே உடைக்கவும் செய்யும்.

தண்ணீரை வடிக்க நேரம் முக்கியம். காலையில், சாவி போடுவதற்கு முன்பே வடிக்க வேண்டும். ஓடி வந்த வண்டியில் ரிட்டர்ன் டீசல் டேங்கைக் கலக்கியிருக்கும். தண்ணீர் பொடிப்பொடியாக டீசலோடு மிதக்கும், கிண்ணத்தில் தங்காது. கண்ணாடிப் பாட்டிலைக் கீழே பிடித்து கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெயின் காக்கை (தண்ணீரை வடிக்கும் திருகை) கையால் தளர்த்துங்கள். சொட்டவில்லை என்றால் அடைப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். செப்பரேட்டர் பெரும்பாலும் டேங்குக்கும் அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே, உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. மேலே உள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் காற்றுக்கு வழி விட்டால்தான் கீழே இறங்கும். 200 மில்லி பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தண்ணீர், மேலே மஞ்சள் டீசல், நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு. அந்தக் கோட்டில் கறுப்பாக வழவழவென்று பாசி போல ஏதாவது மிதந்தால், டேங்குக்குள் கிருமி வளர்ந்துவிட்டது. அப்புறம் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை; டேங்கை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும்.

கிண்ணத்தை வடித்த மறுநாளே, டீசலில் தண்ணீர் இருப்பதைக் காட்டும் விளக்கு திரும்ப எரிந்தால் சென்சாரைக் குறை சொல்லி வயரைப் பிடுங்குகிறார்கள். பெரிய தவறு. டேங்கின் உறிஞ்சு குழாய் அடியைத் தொடாமல் சற்று உயரத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே தேங்கிய தண்ணீர் மேடுபள்ளத்தில் அலம்பி அலம்பித் தவணையாக வருகிறது. வண்டியை ஒரு நாள் அசையாமல் நிறுத்தி, டேங்கின் அடி பிளக்கைத் திறந்து இரண்டு மூன்று லிட்டர் எடுத்துவிட வேண்டும்.

புது ஃபில்டர் போடும்போது பழைய ரப்பர் வளையம் ஃபில்டர் மாட்டும் தலையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் காற்று இழுக்கும். உறிஞ்சும் பக்கத்துக் கசிவில் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதனால் கீழே ஈரம் தேடிப் பயனில்லை. புது வளையத்தில் டீசல் தடவி, அது தொட்டதும் ஃபில்டரின் மேல் போட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையாலேயே இறுக்கினால் போதும். பம்புக்கு முன் கடைசியாக உள்ள இரண்டாம் ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி மாட்டுவதை மட்டும் செய்யவே கூடாது. அதற்குப் பிறகு வடிகட்ட வேறொன்றும் இல்லை. கேன் டீசலில் உள்ள அழுக்கு நேராகப் பம்புக்குப் போகும். காலியாகவே மாட்டி, டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அது கெட்டியாகும் வரை அடித்து, குமிழி நிற்கும் வரை ஏர் எடுங்கள்.

வேலை முடிந்ததும் டிரெயின் காக்கை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். ஐஸ் லாரியின் அடியில் உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும்; அப்படியே விட்டால் அடுத்த முறை அது கைக்குத் திரும்பாது.