கீழ்செட், இரண்டு இம்ப்ளாண்ட், மூன்று ஸ்டிக்கர்

அம்மாவுக்குப் பல்செட். மேல்செட் அண்ணத்தில் கப்பென்று ஒட்டிக்கொள்ளும், பிரச்சினையே கீழ்செட்தான். நாக்கு அசைந்தால் அதுவும் கூடவே கிளம்பிவிடும். தாடையில் கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் திருகு) வைத்து அதில் செட்டை மாட்டிவிடலாம் என்று மதுரையில் ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். சுகர் டெஸ்ட், ஸ்கேன், ஆபரேஷன், எலும்பு பிடிக்க மூன்று மாதம், எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

அப்புறம்தான் ஆரம்பித்தது. எந்த வகை மாட்டல் வேண்டும் என்று எங்களையே கேட்டார்கள். இரண்டு இம்ப்ளாண்டையும் ஒரு கம்பியால் இணைத்து செட்டில் இருக்கும் கிளிப் அதைக் கவ்வுவது 'பார்'. உருண்டைத் தலை மேல் ரப்பர் வளையம் உட்காருவது 'பால்' (ball). குட்டையான பொத்தான் மாதிரி இருப்பது லொக்கேட்டர். 'பார்'தான் உறுதி என்றார் டாக்டர், நாங்களும் தலையாட்டினோம். தேனியிலிருந்து இரண்டு தடவை பஸ் ஏறிப் போய் அளவு கொடுத்த பிறகு, இடம் போதாது என்று லேபிலிருந்து தகவல் வருகிறது! ஈறிலிருந்து பல் நுனி வரை 'பார்' வகைக்குக் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டராவது வேண்டுமாம், அம்மாவுக்கு அவ்வளவு இல்லை. இதைக் கண்டுபிடிக்க லேப் எதற்கு? பழைய செட் முதல் நாளிலிருந்து அவர்கள் மேஜையில்தானே இருந்தது, அதன் உயரத்தை அளக்க ஐந்து நிமிடம் ஆகுமா? இதைக் கேட்டதற்கு ரிசப்ஷனில் இருந்த பெண், "டாக்டர் பிஸி சார்" என்றாள்.

காந்தம் வைக்கலாமா என்று டாக்டரிடம் நானே கேட்டுப் பார்த்தேன். கை நடுங்குகிறவர்களுக்கு மாட்டவும் கழற்றவும் சுலபம்தான், ஆனால் பிடிப்பு குறைவு, எச்சில் பட்டுக் காந்தம் அரித்துப்போகும், பின்னால் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் வாயில் இருக்கும் உலோகத்தால் படம் கெடும் என்றார். 'பால்' வகைக்குத் தலை உயரம், இரண்டு இம்ப்ளாண்டும் ஓரளவு நேராகவும் இருக்க வேண்டும். அம்மாவின் வலது இம்ப்ளாண்ட் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கடைசியில் லொக்கேட்டர்தான். அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

லொக்கேட்டரில் பிடிப்பு இருப்பது செட்டுக்குள் போடும் நைலான் துண்டில். நீலம் லேசான பிடி, பிங்க் நடுத்தரம், நிறமில்லாதது கெட்டி. எடுத்த எடுப்பிலேயே கெட்டியைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு அம்மா இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து நெம்புகிறார், அசையவில்லை. "என்னடா இது, பூட்டைப் போட்டு சாவியத் தொலைச்ச மாதிரி இருக்கு" என்று அழாத குறை. மறுநாள் மறுபடி மதுரை. நீலம் மாற்றியதும் 'டக்'கென்று வந்தது. மாட்டிக் கழற்றி அங்கேயே நாலு தடவை பழகிப் பார்க்காமல் நாற்காலியை விட்டு எழுந்துவிடாதீர்கள்.

ஒரு வருஷத்தில் தளர்ந்துவிட்டது. நைலான் தேய்வது சகஜம்தான், இதற்குப் போய் மதுரை வரை எதற்கு என்று உள்ளூர் டாக்டரிடம் போனோம். எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று கேட்டார். லொக்கேட்டர் போலவே பல கம்பெனிகள் செய்கின்றன, மாற்றிப் போட்டால் சரியாக உட்காராதாம். எங்களிடம் அந்த விவரம் இருக்கும் இம்ப்ளாண்ட் கார்டு இல்லை, யாரும் கொடுக்கவே இல்லை. கிளினிக்குக்கு போன் செய்தால் ஃபைல் கிடைக்கவில்லை, வைத்த டாக்டரும் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்தேன். ஓ.பி.ஜி. எக்ஸ்ரே (தாடை முழுதும் எடுப்பது) கவரின் பின்பக்கம் மூன்று ஸ்டிக்கர்! இம்ப்ளாண்டுக்கு ஒவ்வொன்று, லொக்கேட்டருக்கு ஒன்று. கம்பெனி பெயர், விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் இருந்தது. எந்தப் புண்ணியவான் ஒட்டினாரோ, நன்றாக இருக்கட்டும்.

உள்ளூர் டாக்டர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்தார். பொத்தானின் நடுக்குழியில் இட்லிப் பொடி கெட்டியாகி அடைந்திருந்ததை எடுத்துக் காட்டினார், பாதித் தளர்ச்சிக்கு அதுதான் காரணம். ராத்திரி செட்டைக் கழற்றியதும் அந்தக் குழியை மெல்லிய பிரஷால் தேய்க்க வேண்டும் என்று மதுரையில் ஒருவரும் சொல்லவில்லை. இந்த முறை பிங்க். அம்மா இப்போது பிங்கையும் ஒரே கையால் கழற்றுகிறார்.

ஸ்டிக்கரைப் படம் பிடித்து என் போனிலும் தங்கச்சி போனிலும் வைத்திருக்கிறோம். கார்டு கேட்டு கிளினிக்குக்கு இப்போதும் போன் செய்கிறேன். அடுத்த வாரம் என்கிறார்கள்.