ஷிப்ட் முடிந்த பிறகு: சோழிங்கநல்லூர்க் குறிப்புகள்

நவம்பர் 3, 2025, திங்கள்

அமெரிக்காவில் நேற்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே இருக்கும் எங்கள் கிளையன்ட்டுக்கு அதே காலை 8 மணிதான். எங்களுக்கு மட்டும் மாலை 5.30 ஷிப்ட் 6.30 ஆகிவிட்டது. முடிய அதிகாலை 3.30. மார்ச் வரை இப்படித்தான். ஒன்பதரை மணி இடைவேளையில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். இனி அது பத்தரை. அதற்குள் கோவில்பட்டியில் அம்மா படுத்திருப்பாள்.

நவம்பர் 5, புதன்

என் ரூம்மேட் வேலூர்க்காரி. சிறுசேரியில் பகல் வேலை. நான் கேபில் வந்து இறங்கும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் எழும்போது கட்டில் கம்பியில் அவளுடைய ஈரத்துண்டு மட்டும் தொங்கும். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அலமாரித் தட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்: தைராய்டு மாத்திரை, தேங்காய் எண்ணெய், பாதியில் மடக்கிவைத்த வங்கித் தேர்வுப் புத்தகம். பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில். "தண்ணி கேன் சொல்லிட்டேன்க்கா." "ஓகே பா."

நவம்பர் 7, வெள்ளி

ஆபீஸில் ஆன்லைனில் மனநலப் பேச்சு. மனம்விட்டுப் பேசுங்கள் என்றார்கள். யாரிடம், எத்தனை மணிக்கு?

உலக சுகாதார நிறுவனம் ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படித்தேன். உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது. 13 முதல் 29 வயதுக்குள் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையாக உணர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் இதைக் கவனிக்க அமைச்சரையே நியமித்தன. இங்கே இது இன்னும் அந்தந்தப் பிள்ளையின் சுபாவக் கோளாறு. "நீ யார்கூடவும் ஒட்ட மாட்டேங்கிற" என்கிறார் சித்தி. ஒட்டுவதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டாமா? ஷிப்டைத் தொடாமல் ஆளை மட்டும் திருத்தப் பார்ப்பது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

ஹாஸ்டலில் ஞாயிறு இரவு சாப்பாடு கிடையாது. "பரோட்டா சாப்பிடப் போவோமா?" என்று ரூம்மேட்டிடம் கேட்டேன். உடனே கிளம்பிவிட்டாள். அவள் டீமில் எல்லோரும் இந்தியில் பேசிக்கொள்கிறார்களாம். மதியம் போனைப் பார்த்துக்கொண்டே டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு எழுந்துவிடுவாளாம். சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க தூங்கிட்டு இருப்பீங்களேக்கா."

சால்னா ஆறிப்போகும் வரை பேசினோம். வேலூர் வெயில், அவள் தம்பியின் அரியர், என் மேனேஜர் என்று எதெதுவோ.

நவம்பர் 12, புதன்

மாதத்தில் ஒரு வாரமாவது பகல் ஷிப்ட் தர முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். கிளையன்ட்டிடம் பேசிவிட்டுச் சொல்கிறாராம். சரி, அதுவரை காலை ஏழரைக்கு அலாரம் வைத்து எழுந்துவிடுகிறேன். கெட்டிலில் டீ போட்டு, அவள் கிளம்பும்வரை பேச்சு. அப்புறம் மறுபடி தூக்கம். தலை வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் அந்த அரை மணி நேரத்தை விட மனமில்லை.

எதிர் அறை நர்ஸ் பெண்ணுக்கும் நைட் டியூட்டி. காலையில் அந்த நேரத்துக்குத்தான் திரும்பி வருகிறாள். நாளைக்கு அவளையும் டீக்குக் கூப்பிட வேண்டும்.